வடக்குப் பக்கத்துத் தூக்கம்

உயங்கா வீட்டுக்குப் போனவர்களுக்கெல்லாம் தூக்கம் வந்தது.

முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேட்டுத் தெரு ஸயா போனாள். உப்புப் போட்ட பால்தேநீர் பாதிக் கிண்ணம் இறங்குவதற்குள் கண் சொக்கிவிட்டது என்றாள். வெளியே எலும்பைக் கடிக்கும் குளிர், உள்ளே கதகதப்பான கெர் கூடாரம், தூங்காமல் என்ன செய்வாள் என்று சிரித்தார்கள். அப்புறம் ஒட்டக ரோமக் காலுறை விற்கிறவள் போனாள். மூட்டையை அவிழ்த்துப் பரப்பியவள், விலை சொல்லாமலே சாய்ந்துவிட்டாள். விலை சொல்லாமல் தூங்கிய வியாபாரியை எங்கேயாவது கண்டதுண்டா?

மூன்றாவதாகப் போனது பிரார்த்தனை சொல்ல வந்த லாமா.

"லாமாவேவா தூங்கிட்டாரு?" என்று தண்ணீர்ச் சாவடி ஜன்னலுக்குள்ளிருந்து யாஞ்மா கேட்டாள்.

"மணியைப் பிடிச்ச கையோட," என்றாள் ஸயா. "மந்திரம் பாதியில நின்னுபோச்சு. வாசல்ல நின்ன நான் பயந்துபோய் மூக்குக்கிட்ட விரலை வச்சுப் பாத்தேன். எழுந்ததும் தலையைப் பிடிச்சுக்கிட்டு, இந்த வீட்டு அடுப்புத் தெய்வத்துக்கு என்னமோ மனத்தாங்கல்னுட்டுப் போனாரு. தெய்வத்துக்கு மனத்தாங்கல் வராம என்ன? பாதி மந்திரத்துக்கு முழு ஆட்டுத்தொடை வாங்கிட்டாரே."

வரிசையில் நின்றவர்கள் முகத்துணிக்குள் சிரித்தார்கள். யாஞ்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. குழாயை மூடிவிட்டு, அடுத்த கேனை வைக்கச் சொல்லக்கூட மறந்து நின்றாள்.

உலான்பாத்தருக்கு வடக்கே குன்றின் மேல் ஏறிக் கிடக்கும் கெர் குடியிருப்பில், அந்தச் சாவடிக்கு வராமல் யாருக்கும் பொழுது போகாது. தள்ளுவண்டியில் கேன்களைக் கட்டிக்கொண்டு வருவார்கள். சிந்திய தண்ணீர் அங்கேயே கல்லாக உறைந்துவிடும். தினமும் காலையில் கடப்பாரையால் அதைப் பெயர்ப்பதுதான் யாஞ்மாவின் முதல் வேலை. இரண்டாவது வேலை தண்ணீர் விடுவது. மூன்றாவது, சம்பளம் இல்லாத வேலை, தெருவில் நடக்கும் எல்லாவற்றையும் தெரிந்துகொள்வது. ஒரு விஷயம் புரியவில்லை என்றால் பல்லில் சிக்கிய இறைச்சி நார் மாதிரி அவளுக்கு. எடுக்கும்வரை நாக்கு சும்மா இருக்காது.

அதிலும் இது சொந்த வீட்டு விஷயம். உயங்கா அவளுடைய தம்பி லொதோயின் மனைவி.

போன குளிர்காலத்தில் உயங்காவுக்கு ஆறாம் மாதம். ஒருநாள் வயிற்றில் அசைவு நின்றுபோனது, அவ்வளவுதான். அந்தக் குன்றில் அந்தக் குளிர்காலத்தில் அப்படி இழந்தவள் அவள் ஒருத்தி மட்டும் இல்லை. புகை, என்றார்கள். காலையில் எல்லா அடுப்பும் ஒரே நேரத்தில் மூட்டப்படும்போது மேட்டிலிருந்து பார்த்தால் தெருவிளக்கு தெரியாது, அதன் மஞ்சள் மட்டும் கரைந்து தெரியும். அதைத்தான் எல்லோரும் மூச்சாக இழுத்தார்கள். வயிற்றுக்குள் இருப்பதும் அதைத்தான் இழுத்தது.

இந்தக் குளிர்காலம் மறுபடியும் வயிற்றில். ஏழாம் மாதம். நான்கு வயது மகள் நந்தினையும் கூட்டிக்கொண்டு, புல்கனில் மந்தை வைத்திருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்று உயங்கா கேட்டாள். அங்கே புகை என்றால் ஒரே ஒரு அடுப்புப் புகை. யாஞ்மா ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணாடி மாதிரி உறைந்த பாதை. பாதி வழியில் வலி எடுத்தால் ஓநாயா பிரசவம் பார்க்கும்? தெற்கே சுரங்கத்திலிருந்து லாரி ஓட்டுகிற லொதோய் தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அக்கா சொன்னால் சரி என்று வைத்துவிட்டான். பெரும்பாலும் அவன் பேச்சே அந்த மூன்று வார்த்தைதான்.

"புகை உள்ள வரக் கூடாது, அதானே உனக்கு?" என்று யாஞ்மா சொன்னாள். "ஒரு நூலளவு புகை வராம நான் பாத்துக்கறேன். நீ ராணி மாதிரி படுத்துக் கெட."

சொன்னதைச் செய்தாள். செய்வதென்றால் அவள் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். சுவர்க் கம்பளத்துக்கு உள்ளே சுற்றிலும் பிளாஸ்டிக் தாள் விரித்துக் கட்டினாள். அடியோரத்தை மண்ணும் பனியும் கொட்டி மிதித்தாள். கூரை நடுவில் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் இருக்கிற வட்டக் கண்ணை இரட்டைக் கம்பளத்தால் மூடி, கயிறு காற்றில் தளர்ந்துவிடும் என்று கம்பியால் முறுக்கிக் கட்டினாள். அடுப்புக் குழாய் வெளியேறும் இடத்தைச் சுற்றி ஈரக் கம்பளித் துண்டைத் திணித்தாள். அது உறைந்து சிமெண்டு மாதிரி ஆனது. கதவின் மேல் கனத்த ரஜாய்ப் போர்வை தொங்கவிட்டாள். கதவோரக் காற்று படக் கூடாதென்று, கிழக்குப் பக்கம் கிடந்த உயங்காவின் கட்டிலை வடக்கே, கதவுக்கு நேர் எதிரே, பெரிய மனிதர்களை உட்கார வைக்கும் மரியாதைப் பக்கத்துக்கு நகர்த்தினாள். உயங்காவின் மாமனார் படமும் விளக்கும் அதற்காக மூலைக்குப் போயின.

முடித்துவிட்டுச் சாவடியில் சும்மா இருப்பாளா? வந்து பாருங்கள் என் கைவேலையை என்று எல்லோரையும் கூப்பிட்டாள். ஸயா போனது அதைப் பார்க்கத்தான். பார்த்தவர்கள், தாள் எங்கே வாங்கினாய், கம்பி எத்தனை சுற்று என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

அதற்கப்புறம்தான் உயங்காவுக்குத் தலைவலி வந்தது. காலையில் வாந்தி. பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் சகஜம் என்றாள் யாஞ்மா. தண்ணீர் பிடிக்க வெளியே வரும்போது தலைவலி விட்டுவிடுகிறது என்று உயங்கா சொன்னதற்கு, நடந்தால் உடம்பு லேசாகும், ஆனாலும் புகையில் வராதே என்று கேனை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். நந்தின் அழுவதையே விட்டுவிட்டாள். விளையாடவும் இல்லை. சமர்த்துப் பிள்ளை என்று எல்லோரும் மெச்சினார்கள்.

குடும்ப மருத்துவர் ஒதோன் ஒருநாள் வந்தாள். கதவருகே நின்றபடியே ரத்த அழுத்தம் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள். பிறகு யாஞ்மாவைப் பார்த்து, "குழாய்க்குள்ள இருக்கிற தகடை எப்ப மூடுறீங்க?" என்று கேட்டாள்.

"புகை நின்னதும்."

"இது பழைய கரி இல்லம்மா. தூளை அழுத்திச் செஞ்ச இந்தக் கட்டிக் கரியில ஆரம்பத்திலயே புகை தெரியாது. அணையிற வரைக்கும் தகடைத் தொடாதீங்க. மேல கொஞ்சம் தெறந்து வைங்க."

சரி சரி என்று தலையாட்டிய யாஞ்மா, மருத்துவர் படலைத் தாண்டியதும் கம்பியை இன்னொரு முறுக்கு முறுக்கினாள். அடுக்குமாடியில் வெந்நீர்க் குழாய்ச் சூட்டில் வளர்ந்த பெண்ணுக்கு அடுப்பைப் பற்றி என்ன தெரியும்? புகை நின்றால் தகடை மூடு, சூடு வீட்டுக்குள் நிற்கும். யாஞ்மா வீட்டில் பேசக் கற்பதற்கு முன்னால் கற்ற பாடம் அது.

அப்படிப்பட்ட வீட்டில்தான் எல்லோரும் தூங்குகிறார்கள்.

யாஞ்மா தேநீரைச் சந்தேகப்பட்டாள். புதுப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தாள். தூக்கம் நிற்கவில்லை. அடுப்பில் யாராவது குப்பையைப் போட்டுத் தீயை அவமதித்தார்களா என்று விசாரித்தாள், இல்லை. இருந்தாலும் இருக்கட்டும் என்று தீக்கு வெண்ணெய் விட்டு மன்னிப்புக் கேட்டாள். அப்புறம் அவள் சந்தேகம் பக்கத்து வேலிக்குப் போனது. அங்கே புரெவ் இருந்தான். அவன் குழாயில் மட்டும் புகை கன்னங்கரேலென்று வந்தது.

புரெவ் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய பழைய கார், சக்கரம் இல்லாமல் செங்கல் மேல் நின்றது.

"யோவ், டயர் கொளுத்துறியா நீ?" என்று வேலிக்கு மேலே கேட்டாள்.

"டயர் இருந்தா கார்ல மாட்ட மாட்டேனா, தண்ணிக்காரம்மா?"

"கார்ல இருந்ததெல்லாம் எங்க போச்சு? அடுப்புக்குள்ளதானே போச்சு?"

"போன வருஷம் போச்சு. இந்த வருஷம் வேலிப் பலகையைத்தான் எரிக்கிறேன். அடுத்த வருஷம் உன் வேலி." கோடரியைக் கட்டையில் குத்தி நிறுத்தினான். "என்ன விஷயம்? நீ சும்மா வர்ற ஆளில்லையே."

யாஞ்மா சொன்னாள். புரெவ் தினமும் உயங்கா வீட்டுக்குக் கரி மூட்டை தூக்கிக் கொடுக்கிறவன். கொடுத்துவிட்டு தேநீர் கேட்டு, இன்னொரு கிண்ணம் கேட்டு, வேண்டுமளவு உட்கார்ந்திருப்பான். அங்கே அவனுக்கும் தூக்கம் வந்ததா?

"எனக்கெங்க தூக்கம்?" என்றான் புரெவ். "என்னை நீ எங்க உட்கார வைக்கிற? சிகரெட் நாத்தம், பூட்ஸ் அழுக்குன்னு கதவோரத்துல குத்தவைக்கச் சொல்றே. ரஜாய்க்கு அடியில காத்து ஊசி மாதிரி முதுகுல ஏறுது. பிணத்தை அங்க உட்கார வச்சாலும் எழுந்துடும்."

யாஞ்மா திரும்பி நடந்தாள். அவன் பின்னாலிருந்து ஏதோ கேட்டதும் காதில் விழவில்லை.

லாமா உட்கார்ந்தது வடக்குப் பக்கம். வேறெங்கே உட்கார வைப்பார்கள்? ஸயாவும் வடக்குப் பக்கம்தான் போயிருப்பாள். எந்த வீட்டுக்குப் போனாலும் அழைக்காமலே மேலிடத்துக்குப் போய்விடுவாள். காலுறைக்காரியை உயங்கா கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டுத்தான் மூட்டையைப் பிரிக்கச் சொன்னாள். மருத்துவர் கதவருகே நின்றாள், தூங்கவில்லை. புரெவ் கதவருகே குந்தினான், தூங்கவில்லை. வீடு தூங்க வைக்கவில்லை. வடக்குப் பக்கம் தூங்க வைக்கிறது. மரியாதைக்காரர்களை மட்டும் பார்த்துப் பார்த்துச் சாய்க்கிறது.

விருந்தாளிகள் வந்து போகிறார்கள். பகலும் இரவும் அங்கேயே கிடப்பது யார்?

மறுநாள் காலை வரிசையை நிறுத்திவிட்டு ஜன்னலைச் சாத்தினாள். குளிரில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். தண்ணீர் உறைஞ்சு போகும், சீக்கிரம் வா, என்றார் ஒருவர். உறைஞ்சா கட்டியா எடுத்துட்டுப் போ, சுமக்க வசதி என்று சொல்லிவிட்டு, பிசைந்த மாவையும் கொத்திய ஆட்டிறைச்சியையும் ஒரு பாத்திரத்தில் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினாள்.

உயங்கா தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நந்தின், கன்னம் இரண்டும் சிவந்து, அழகாகத் தூங்கினாள். யாஞ்மா வழக்கம்போல அடுப்பில் கரி போட்டாள், வெளியே போய்க் குழாயைப் பார்த்தாள், புகை இல்லை, உள்ளே வந்து தகடை மூடினாள். பிறகு வாழ்க்கையில் முதல் தடவையாகத் தம்பி வீட்டு வடக்குப் பக்கத்தில், லாமா உட்கார்ந்த இடத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்து பூஸ் கொழுக்கட்டை பிடிக்க ஆரம்பித்தாள்.

பூஸ் பிடிக்க அவளுக்குக் கண் வேண்டாம். மாவு வட்டத்தை உள்ளங்கையில் வைத்து, இறைச்சியை வைத்து, கட்டைவிரலால் சுற்றி மடித்துக்கொண்டே போனால் மேலே ஒரு சின்ன வாய் மட்டும் மிஞ்சும். பேசிக்கொண்டே ஒரு தட்டு நிரப்புவாள். இன்று பேச ஆளில்லை. தெய்வமோ பேயோ வந்தால் பார்த்துவிடுவது என்று கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு மடித்தாள்.

ஒன்றும் வரவில்லை. வாசனை இல்லை, சத்தம் இல்லை. அடுப்பு கதகதப்பாக இருந்தது. நன்றாகத்தான் இருக்கிறது, இதில் என்ன குறை என்று நினைத்தாள். தட்டைப் பார்த்தாள். முதல் வரிசை பூஸ் ஒழுங்காக நின்றது. இரண்டாவது வரிசையில் மடிப்புகள் கோணியிருந்தன. மூன்றாவது வரிசையில் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது, இறைச்சி வெளியே. யார் பிடித்தது இது? ஸயாவா? ஸயா எங்கே வந்தாள்?

நான்தான் பிடித்தேன், என்று மெல்ல ஒரு நினைப்பு வந்தது. அதைத் தொடர்ந்து இன்னொன்று வர வேண்டும், ஆனால் அது எங்கேயோ தூரத்தில் நடந்து வந்துகொண்டிருந்தது. நெற்றிப்பொட்டில் யாரோ சுத்தியலில் துணி சுற்றித் தட்டினார்கள். படுத்தால் தேவலாம். கொஞ்சம்.

விரல்களைப் பார்த்தாள். ஆயிரமாயிரம் பூஸ் பிடித்த விரல். அது தப்பு செய்யாது.

எழுந்தாள். எழுந்த வேகத்திலேயே விழுந்தாள். மாவுப் பாத்திரம் கவிழ்ந்தது. அடுப்பைச் சுற்றித் தவழ்ந்து, ரஜாயைப் பிய்த்து, கதவைத் தலையாலேயே முட்டித் திறந்தாள். வெளியே அதே புகை, கண்ணைக் கரிக்கும் பழுப்புப் புகை. வாயைத் திறந்து அதைக் குடித்தாள். தண்ணீர் மாதிரி இருந்தது.

"புரெவ்," என்று கத்தினாள். குரல் பாதிதான் வந்தது. "கோடரி. கோடரி கொண்டா."

அவன் வேலியைச் சுற்றி வரவில்லை, ஏறிக் குதித்தான். என்ன என்று கேட்காமல் கூரைமேல் கை நீட்டி, அவள் முறுக்கிய கம்பியை வெட்டினான். கம்பளம் உறைந்து ஒட்டியிருந்தது. இருவரும் சேர்ந்து இழுக்க, அது பலகை மாதிரி மடங்கி விழுந்தது. பிறகு உள்ளே போய் நந்தினைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். உயங்காவை இரண்டு பேருமாக இழுத்தார்கள். நந்தின் வாசலில் வாந்தி எடுத்தாள், அழுதாள், வாய்விட்டு, தெருவே கேட்கிற மாதிரி அழுதாள். அந்தச் சத்தத்துக்குத்தான் உயங்கா கண் திறந்தாள்.

மருத்துவமனையில் மூக்கில் குழாய் வைத்து இருவரையும் படுக்க வைத்தார்கள். யாஞ்மாவுக்கும் ஒன்று வைத்தார்கள். அவள் அதைக் கழற்றிக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்ததால் நர்ஸ் திட்டினாள். ஒதோன் வந்து உயங்காவின் வயிற்றில் கருவியை வைத்தாள். இடம் மாற்றினாள். இன்னும் மாற்றினாள். யாஞ்மா கட்டில் கம்பியைப் பிடித்திருந்தாள், விரல்களில் மாவு காய்ந்து வெடித்திருந்தது.

டக்டக்டக்கென்று வந்தது. குதிரை வேகமாக ஓடுகிற மாதிரி.

"இருக்கு," என்றாள் ஒதோன். "ஆனா இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும். இங்கயே இருக்கட்டும்." கரி விடுகிற வாயுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாள்: கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, போக வழி இல்லாவிட்டால் வீட்டிலேயே தங்கும், ரத்தத்தில் காற்றுக்கு உரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும், தாயைவிட வயிற்றுப் பிள்ளையை முதலில் பிடிக்கும். முன்னாடியே சொன்னேனே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யாஞ்மாவுக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும்.

மருத்துவர் போன பிறகு உயங்கா முகத்தைத் திருப்பினாள். உதடு வெளுத்திருந்தது. குரல் தெளிவாக இருந்தது.

"அக்கா, வெளிய வந்தா தலைவலி போகுதுன்னு உங்ககிட்ட எத்தனை தடவை சொன்னேன்?"

"சொன்னே."

"பிள்ளை பொழைச்சா, நடமாட விட்டதும் நான் அம்மா வீட்டுக்குப் போறேன். ஐஸோ ஓநாயோ, நான் பாத்துக்கறேன். லொதோய்கிட்ட நீங்களே பேசுங்க."

"பேசறேன்."

உயங்கா கூரையைப் பார்த்தாள். யாஞ்மா அழுதால் என்ன செய்வது என்று யோசிப்பவள் போல இருந்தாள். ஆனால் அவள் யோசித்தது வேறு.

"அக்கா. நம்ம வீட்டைப் பாத்துட்டுப் போனாங்களே. அவங்கெல்லாம் அதே மாதிரி கட்டிட்டாங்களா?"

யாஞ்மாவின் கை கம்பியிலிருந்து விழுந்தது. மூக்குக் குழாயைக் கழற்றி மெத்தைமேல் வைத்தாள். நர்ஸ் கூப்பிடக் கூப்பிட, கோட்டை மாட்டியபடியே நடைக்கூடம் முழுவதும் ஓடினாள்.

வாடகைக் கார் மேட்டின் கீழே நின்றுவிட்டது, ஐஸில் ஏறவில்லை. மீதியை அவள் ஏறினாள். நெஞ்சு புகையை இழுத்து இழுத்து எரிந்தது. வழியில் ஒவ்வொரு கூரையாகப் பார்த்துக்கொண்டே போனாள்; காலையில்கூட இதே வழியாகத்தான் போனாள், அப்போது கண்ணில் படவில்லை. இங்கே ஒரு கூரைக்கண் மூடிக் கம்பி முறுக்கியிருந்தது. அங்கே ஒன்று. அதோ ஒன்று, இரட்டைக் கம்பளம், அவள் சொல்லிக்கொடுத்த அதே முடிச்சு. நேர்த்தியான வேலை.

முதல் வேலி பூஜினுடையது. இருபது வயசுப் பெண், கைக்குழந்தைக்காரி, தண்ணீர் வரிசையில் வாயே திறக்காதவள். யாஞ்மா படலைப் பிடித்துக்கொண்டு, கதவு தட்டாத ஊரில் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள்:

"நாயைப் பிடிங்க."

சத்தம் இல்லை. மறுபடியும் கூப்பிட்டாள். நாய்தான் வந்து குரைத்தது. அதைக் காலால் விலக்கிக்கொண்டு உள்ளே நடந்து, கூரையிலிருந்து தொங்கிய கம்பியைப் பிடித்தபோது கதவு மெல்லத் திறந்தது. பூஜின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கண் சொருகியிருந்தது, இடுப்பில் குழந்தை தலை தொங்கத் தூங்கியது.

"என்னக்கா பண்றீங்க? புகை வந்துடும். நீங்கதானே அடைக்கச் சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன்," என்றாள் யாஞ்மா. "பிள்ளையோட வெளிய வா. வந்து இந்தப் பக்கம் பிடி, இழு."